செவ்வாய், வெள்ளி அப்பா ஓட்டும் வண்டி

கேள்வி: எங்கள் ஊர் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. தென்னந்தோப்பு இருக்கிறது, எனக்கு வேலை கோவையில். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பெரியப்பா கொண்டுவந்த பழைய பென்ஸ் சி 230 கம்ப்ரஸர் இப்போது என்னிடம் உள்ளது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் அதன் சூப்பர்சார்ஜரின் கிளட்ச் வழுக்குகிறது, கீச்சென்று கத்துகிறது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பட்டறை வைத்திருக்கும் நண்பன் பேட்டரியிலிருந்து அந்தக் கிளட்சுக்கு நேராக வயர் இழுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை நெல்லியாம்பதி மலை ஏறும்போது போட்டுக்கொள்வேன். இப்போது கிளட்சையே வெல்டிங் வைத்து, அதன் பெல்ட் ஓடும் சக்கரத்தை மாற்றிச் சின்ன புல்லியும் மாட்டிவிடலாம் என்கிறான். செய்யலாமா? மற்றபடி வண்டிக்கு அதிக வேலையில்லை. செவ்வாய், வெள்ளி மட்டும் அம்மாவின் டயாலிசிஸுக்காக அப்பா கோவைக்கு எடுத்துப்போவார். அவருக்கு இதெல்லாம் புரியாது, சுவிட்சைத் தொடவும் மாட்டார்.

பதில்: தம்பி, கிளட்ச், வயர், புல்லி என்று கடிதம் முழுக்க எழுதிவிட்டு, அம்மாவைக் கடைசி வரியில் ஏற்றியிருக்கிறீர்கள். "வண்டிக்கு அதிக வேலையில்லை" என்று வேறு. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சிறுநீரக நோயாளியை எல்லை தாண்டிக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது உங்கள் கணக்கில் வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதுதான் வேலை.

அந்த சுவிட்ச் என்ன செய்யும் என்று உங்கள் நண்பன் சொன்னானா? சூப்பர்சார்ஜர் கிளட்ச் ஒரு மின்காந்தம். காயிலுக்கு 12 வோல்ட் போனால் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். எப்போது ஒட்டவேண்டும் என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் வேகத்தையும் சுமையையும் பார்த்து முடிவு செய்கிறது. நீங்கள் அந்த முடிவை விரலுக்குக் கொடுத்துவிட்டீர்கள். இன்ஜின் 4000 சுற்றில் ஓடும்போது சுவிட்சைத் தட்டினால், சும்மா நின்ற ரோட்டர் ஒரு நொடிக்குள் அதைவிட வேகமாகச் சுழன்றாக வேண்டும். தட்டு கருகும், பெல்ட் அடிபடும்.

இது நீங்கள் ஓட்டும்போது. அப்பா ஓட்டும்போது?

டயாலிசிஸ் ஒரு தடவைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். அப்பா ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது முழங்கால் பட்டு சுவிட்ச் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர், சாவியை எடுத்தாலும் அணையாது. காயில் அத்தனை நேரமும் கரண்ட் குடித்துக்கொண்டே சூடாகிக் கிடக்கும். பழைய பேட்டரி என்றால் திரும்பி வந்து சாவி போடும்போது வண்டி கிளம்பாமல் போகலாம். டயாலிசிஸ் முடிந்தவர்கள் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு துவண்டுபோகும். அந்த நிலையில் அம்மா பார்க்கிங்கில் காத்திருக்க, அப்பா பானெட்டைத் திறந்து என்னத்தைத் தேடுவார்? நீங்கள்தான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லையே. ஃபியூஸும் ரிலேவும் வைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைக்கவில்லையென்றால், வயர் எங்காவது உரசித் தோல் போனால் அப்பாவின் காலடியிலேயே நெருப்பு.

"புரியாது" என்கிறீர்கள். காலமெல்லாம் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய மனிதருக்கு மோட்டார் காயில் எரிந்த நாற்றம் தெரியாதா? அவருக்குப் புரியாது என்பதல்ல, புரிந்தால் கழற்றச் சொல்வார் என்பதுதான் உங்கள் பயம். பெற்றவரிடம் மறைத்து ஒரு காரியத்தைச் செய்து, அந்த வண்டியின் சாவியையே அவர் கையில் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சரி, வெல்டிங். கிளட்சே இல்லாமல் எப்போதும் சுழலும் சூப்பர்சார்ஜர்கள் நிறைய உண்டு, நண்பன் அதைத்தான் சொல்லியிருப்பான். அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. உங்களுடையதில் வெல்டிங் சூடு பட்டால் புல்லி பேரிங்கின் கிரீஸ் உருகும், ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கருகும். பத்தாயிரம் சுற்றைத் தாண்டிச் சுழலும் ஒன்றில் கொஞ்சம் எடை ஒரு பக்கம் கூடினாலும் அதிரும். பேரிங் பிடித்துக்கொண்டால் விடுவிக்கக் கிளட்ச் இருக்காது, பெல்ட்தான் அறுபடும். அது அறுந்து சும்மா விழாமல், பக்கத்தில் ஓடும் பவர் ஸ்டியரிங் பெல்ட்டையும் சுற்றி இழுத்தால், வாளையார் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அப்பாவுக்கு ஸ்டியரிங் கல்லாகிவிடும். சின்ன புல்லி வேண்டவே வேண்டாம். காற்று கூடும், அதற்கேற்ற பெட்ரோல் போதாமல் போகலாம். பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டன் போகலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. இது சம்பந்தமாக உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கறாராகத் தீர்ப்புச் சொன்னது கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பற்றவைத்த கிளட்சைப் பார்த்துவிட்டு உங்களிடம் வாதாடுவார், அது தனி.

கிளட்ச் வழுக்கினால் முதலில் பார்க்கவேண்டியது தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சமாச்சாரம். தேய்ந்து தேய்ந்து அது அகன்றால் காந்தம் இழுக்காது. சுவிட்ச் வைத்துக் கரண்ட் கொடுத்தும் பயனில்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தைக் குறைத்தால் பல நேரம் சரியாகிவிடும். அப்புறம் காயிலின் ரெசிஸ்டன்ஸ், அங்கே வந்து சேரும் வோல்டேஜ், புல்லி பேரிங் என்று பார்க்கவேண்டும். கார் ஏசி கம்ப்ரஸரில் இருப்பதும் இதே மாதிரி கிளட்ச்தான். கோவையில் நல்ல ஏசி மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் மைதானம் இருக்கிறது. இன்னொரு வண்டி வாங்கி, அங்கே போய் ஆசை தீர ஓட்டுங்கள். அம்மா உட்காரும் வண்டியில் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அப்பா அம்மாவைக் கூட்டிப்போவது நீங்கள் வேலை பார்க்கும் அதே கோவைக்கு. நீங்கள் ஏன் ஓட்டுவதில்லை? காலையில் அவர்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய், மதியம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டால் எந்த முதலாளியும் தூக்கில் போடமாட்டார். வெள்ளிக்கிழமை முடியாவிட்டால் செவ்வாயாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்தத் திங்கள் இரவுக்குள் சுவிட்சை வயரோடு பிடுங்கிவிட்டு, பழைய இணைப்பை இருந்தபடி சேர்க்கச் சொல்லுங்கள். செய்யும்போது அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன செய்து வைத்திருந்தீர்கள் என்று அவர் கேட்பார். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.