பழைய டங்ஸ்டன் ஈ வாங்கலாமா?

வணக்கம். உங்களுக்குப் பகலில் டர்பனில் அலுவலகம், மாலையில் கல்லூரி. கைபேசியை எடுத்தால் கவனம் சிதறுகிறது, அதனால் குறிப்புக்கும் நாட்காட்டிக்கும் பாம் நிறுவனத்தின் பழைய கையடக்கக் குறிப்புக் கருவியான டங்ஸ்டன் ஈ வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசனை நல்லதுதான், மாடல்தான் சரியில்லை.

2003-இல் வந்த அந்தக் கருவியில் பேட்டரி முழுதாக இறங்கினால் எழுதி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். தேர்வுத் தேதி, செலவுக் கணக்கு, எல்லாமே. லோட்-ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) பார்த்த ஊரில் இந்தத் தலைவலி எதற்கு? 2005-இல் வந்த ஈ2 பரவாயில்லை. அதில் ஃபிளாஷ் நினைவகம், சார்ஜ் தீர்ந்தாலும் குறிப்புகள் நிற்கும். புளூடூத்தும் உண்டு. அது தேவைப்படும், ஏனென்றால் 64 பிட் விண்டோஸ் கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கத் தேவையான டிரைவர் மென்பொருளை பாம் நிறுவனம் தரவில்லை.

ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பாடத்தையும் அதிலேயே எழுத வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இந்தக் கருவிகளை இயக்கும் பாம் ஓஎஸ்ஸுக்கு, தமிழ் போன்ற எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடு தெரியாது. அப்படியென்றால் சிம் போடாத சின்ன ஆண்ட்ராய்டு டேப்லெட்டே மேல் என்பேன். வாட்ஸ்அப்பை மட்டும் ஏற்றாதீர்கள். எட்டு அங்குலத் திரை சட்டைப் பைக்குள் நுழையாது, சரி. பாடக் குறிப்பு பிடிஎஃப்களைக் கண் வலிக்காமல் படிக்கலாம்.