வரி இல்லை என்றால் தடையும் இல்லையா? குமரி மாவட்டத்திலிருந்து சில கேள்விகள்

நாகர்கோவிலில் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைத் தயாரிக்கும் பணியில் இருப்பதால், இருநாட்டுத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் ஐயங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேனைப் புட்டியில் அடைத்து விற்கிறோம். ஐக்கிய அரபு அமீரகத்துடன் ஒப்பந்தம் இருப்பதால் வரி கிடையாது, அனுப்புங்கள் என்று துபாயில் இருக்கும் உறவினர் சொல்கிறார். புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதே, வேறு சான்றுகள் எதற்கு?

புவிசார் குறியீட்டையும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் நம் மாவட்டத்தில் பரவலாக இருக்கிறது. முன்னது பெயரைக் காக்கிறது. சுங்க அதிகாரிக்கு அது எதையும் நிரூபிப்பதில்லை. பின்னது, சரக்கு இந்தியாவில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்று, ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட முகமையிடம் இணையவழியில் விண்ணப்பித்துப் பெறுவது. அதன் பலன் வரிச்சலுகை மட்டுமே. அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளது. உங்கள் சரக்குக்குரிய 0409 என்ற சுங்கக் குறியீட்டு எண்ணுக்கு எவ்வளவு சலுகை என்பதை அதன் வரி அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்பும் தாவர, விலங்கு நலமும் ஒப்பந்தத்தில் தனி அத்தியாயம். தரநிலைகளும் லேபிள் விதிகளும் இன்னொரு அத்தியாயம். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் இரு உடன்பாடுகளையே இவ்விரண்டும் பெரும்பாலும் வழிமொழிகின்றன. அதாவது, அறிவியல் ஆதாரம் இருக்கும்வரை ஒவ்வொரு நாடும் தன் மக்களின் உடல்நலத்துக்கான அளவுகோலைத் தானே வகுத்துக்கொள்ளலாம்.

தேனைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டு விதி அன்று. பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் பொதுவாக 20 சதவீத ஈரப்பதத்தையே அனுமதிக்கிறது. ரப்பர் மரங்கள் துளிர்த்துத் தேன் மிகுதியாகக் கிடைக்கும் பருவத்தில் அவசரப்பட்டு, மெழுகு மூடாத அடைகளிலிருந்து எடுத்த தேன் இந்த அளவைத் தாண்டிவிடும். ஈரத்தைக் குறைக்க அதிகமாகச் சூடாக்கினால் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடிவிடும். அதற்கு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டல நாட்டுத் தேன் என்று அறிவிக்கப்பட்டால் 80 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றில் சிக்கிக்கொண்ட ஆய்வறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அடை முதிர்ந்த பிறகு எடுப்பதுதான் செலவில்லாத வழி.

லேபிளையும் கவனியுங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு புட்டியில் தமிழும் ஆங்கிலமும் அழகாக இருந்தன. அரபு மொழியில் ஒரு வரிகூட இல்லை. 'அடைத்ததிலிருந்து 18 மாதங்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். அங்கே தயாரித்த நாளும் முடியும் நாளும் தேதியாகவே இருக்க வேண்டும். புதிய லேபிள் ஒட்டிய பிறகே அந்தச் சரக்கு புறப்பட்டது.

கேள்வி: தான்சானியாவிலிருந்து அண்டி (ஓட்டோடு கூடிய முந்திரிக்கொட்டை) வாங்கி, எங்கள் ஆலையில் உடைத்துப் பருப்பாக ஏற்றுமதி செய்கிறோம். வேலை முழுவதும் இங்கே நடப்பதால் இது இந்தியப் பொருள்தானே?

நூற்றுக்கணக்கான பெண்களின் கைபட்டுத் தோலுரித்துத் தரம் பிரித்த பருப்பு நம் ஊர்ப் பொருள் என்று நினைப்பது இயல்பு. 'அண்டி ஆபீஸ்' வாசலில் நின்று பார்ப்பவர் எவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் மூல விதிகள் உழைப்பை நேரடியாக எடைபோடுவதில்லை. சுங்கக் குறியீட்டு எண் மாறியதா, மதிப்பு எவ்வளவு கூடியது என்றே பார்க்கின்றன. ஓட்டோடு கூடிய முந்திரி 0801.31, ஓடு நீக்கியது 0801.32. ஆறு இலக்க அளவில் (துணைத்தலைப்பு) மாற்றம் இருக்கிறது, நான்கு இலக்க அளவில் (தலைப்பு) இல்லை. எனவே துணைத்தலைப்பு மாறினால் போதும் என்னும் ஒப்பந்தத்தில் உங்கள் பருப்பு இந்தியப் பொருளாகலாம். தலைப்பே மாற வேண்டும் என்றோ, முழுவதும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே விளைந்திருக்க வேண்டும் என்றோ கேட்கும் ஒப்பந்தத்தில் ஆகாது. வறுத்து உப்பிட்ட பருப்பு 2008 என்ற தலைப்புக்குப் போய்விடுவதால் அதன் கணக்கு வேறு. எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ, அந்த ஒப்பந்தத்தின் பொருள்வாரி விதியைப் படிக்காமல் சலுகையை நம்பி விலை பேசிவிடாதீர்கள். வாங்குபவரின் நாட்டில் முந்திரிக்குப் பொதுவரியே இல்லையென்றால் இந்தச் சான்றிதழுக்காக அலைய வேண்டியதில்லை என்பதையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து போகும் கண்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறுகிறது. சலுகை போய்விடுமா?

போகாது. சரக்கு அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்து, இறக்கி ஏற்றுவதும் கெடாமல் காப்பதும் தவிர வேறு எதுவும் நடக்காமல் இருந்தால் போதும். இறுதித் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) வாங்கி வையுங்கள்.

கேள்வி: மாறாமலையில் கிராம்பு வைத்திருக்கிறோம். இலங்கையிலிருந்து சலுகையில் வரும் கிராம்பில் வேறு நாட்டுச் சரக்கும் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் உண்டு. தட்டிக்கேட்க வழி இருக்கிறதா?

இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. சலுகை இலங்கையில் விளைந்த கிராம்புக்கே. பிற நாட்டுக் கிராம்பை அங்கே கொண்டுவந்து சுத்தம் செய்து சாக்கு மாற்றினால் அது இலங்கைப் பொருளாகிவிடாது. முன்பெல்லாம் சான்றிதழைக் காட்டினால் ஏறக்குறைய வேலை முடிந்துவிடும். 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பிலுள்ள 'கரோட்டார்' எனப்படும் இந்தியச் சுங்க விதிகளின்படி, பொருள் எப்படி அந்நாட்டுடையதாகிறது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஐயம் தீராவிட்டால், சான்று வழங்கிய வெளிநாட்டு முகமையிடமே சரிபார்க்கச் சொல்லலாம். விவசாயி நேரடியாக வழக்காட முடியாவிட்டாலும், சங்கத்தின் பெயரில் சுங்கத் துறைக்குத் தகவல் தரலாம். பொத்தாம் பொதுவான புகார் நகராது; எந்தத் துறைமுகம், எந்த மாதம், சந்தை விலைக்கும் அந்தச் சரக்கின் விலைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள்.

கேள்வி: கயிற்றுப் பொருள்களை மரப் பேலட்டில் அடுக்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்த நாடு என்பதால் மரத்துக்குத் தளர்வு உண்டா?

இல்லை. அந்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருந்தாலும், மரத்தில் ஒளிந்து வரும் பூச்சிக்கு அதில் சலுகை கிடையாது. அந்தப் பூச்சியை அழிக்க வெப்பமூட்டும் முறையைக் கையாண்டால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அதற்குரிய முத்திரை பேலட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். பழுதுபார்க்கும்போது தச்சர் புதிய பலகை ஒன்றைச் சேர்த்து அடித்துவிட்டால், பழைய முத்திரை அந்தப் பலகைக்குப் பொருந்தாது.