துப்பாக்கிக் கட்டை என்ன மரம்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தா வைத்திருந்த 315 ரைஃபிள், லைசென்ஸ் இப்போது என் பெயரில். பின்கட்டையின் கழுத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது. ஒட்டுப் போட அதே மரம் வேண்டும். ஒரு ஆசாரி ஈட்டி (ரோஸ்வுட்) என்கிறார், இன்னொருவர் தேக்கு என்கிறார். எதை நம்புவது?"

இருவரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். பழைய கட்டையில் நிறம் ஏமாற்றும். பல வருடம் துப்பாக்கி எண்ணெய் கசிந்து ஊறினால் எந்த மரமும் ஈட்டி மாதிரி கறுத்துவிடும். மேலே சாயமும் பாலிஷும் வேறு. மரத்தின் அடையாளம் அதன் குறுக்குவெட்டில் இருக்கிறது.

முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடி வைத்த தண்டு) திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு பின்கட்டையின் அடியில், தோளில் பதியும் முனையிலுள்ள இரும்புத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றுங்கள். காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். சிறியது வழுக்கித் திருகின் தலையைக் கெடுக்கும். தகட்டுக்குக் கீழே பாலிஷ் படாத குறுக்குவெட்டு தெரியும். உங்களுக்கு அதுவே போதும்.

இதற்கு மேல் கழற்ற வேண்டாம். 315 ரைஃபிள்கள் பல லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் அமைப்பில் வந்தவை. அவற்றில் பின்கட்டை ஒரு இரும்புக் குழிக்குள் உட்கார்ந்து, உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டால் இறுகியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருப்பினால் சில மாடல்களில் முன்கட்டை பிளந்துவிடும். ஒரு வெடிப்பைப் பார்க்கப் போய் இன்னொன்றை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

தகட்டடியில் சுண்டுவிரல் நக அளவு இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, புது பிளேடால் மெல்லிசாக ஒரு சீவல் சீவுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. தூள் துளைகளில் அடைத்துவிடும், பிறகு எதுவும் தெரியாது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை வாங்கி, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.

தேக்கு என்றால் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், அதைத் தாண்டியதும் துளை சட்டென்று சிறுத்துவிடும். சீவிய இடம் விரலுக்கு எண்ணெய்ப் பிசுக்காகப் படும், பழைய தோல் வாசம் அடிக்கும். ஈட்டியில் துளைகள் சிதறிக் கிடக்கும், பலவற்றில் கறுத்த பிசின் தெரியும். புதுச் சீவலில் இனிய மணம் வரும். எடையும் கூடுதல்: தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, ஈட்டி 800 கிலோவுக்கு மேல்.

உங்கள் கட்டை இந்த இரண்டில் எதுவாகவும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் செய்த ரைஃபிள்களுக்குப் பெரும்பாலும் வால்நட், அதாவது அக்ரூட் மரம்தான். அதிலும் வளையத் தொடக்கத்தில் துளை பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் தேக்கு போல சட்டென்று சிறுக்காமல் படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும். சாம்பல் கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். இரண்டாம் உலகப்போர்க் காலக் கட்டையாக இருந்தால் பீச் அல்லது பிர்ச்சாகவும் இருக்கலாம். பீச்சில் துளை கண்ணுக்கே தெரியாது; பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குப் பழுப்புக் கீற்றுகள் தூவியது போலக் கிடக்கும். பிர்ச்சில் அந்தக் கீற்று இருக்காது.

நம் பக்கத்தில் ஏமாற்றுவது வாகை. காங்கேயம், ஈரோடு பக்கம் மரச்செக்குக்குப் போடும் அதே வாகைதான். உடைந்த கட்டைக்குப் பதிலாக உள்ளூரில் செதுக்கிய கட்டைகளில் வாகையும் வரலாம். பழுப்பும் கருங்கோடும் அப்படியே வால்நட் சாயல். ஆங்கிலேயர் இதை 'கிழக்கிந்திய வால்நட்' என்றே விற்றார்கள். லென்ஸில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். துளைகள் பெரிதாக, வளையத்தோடு சேராமல் பரவலாக இருக்கும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம் தெரியும், கண்ணுக்கு மை தீட்டியதுபோல, ஆனால் வெள்ளை மை. சீவும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தால் அதுவும் ஒரு சாட்சி.

கட்டை மாற்றப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகம் உட்காரும் பள்ளத்தில் உளித் தடம் இருந்தால் கைவேலை, சீராக வழித்திருந்தால் தொழிற்சாலை வேலை. இதற்காக நீங்கள் கழற்ற வேண்டாம்; பழுது பார்க்கும் கடைக்காரர் துப்பாக்கியைக் கழற்றும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கோவை வன வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் இருக்கின்றன. சீவலின் படத்தோடு போய் ஒப்பிடுங்கள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். வேலையை உரிமம் உள்ள கடையில் கொடுங்கள், ஆசாரியிடம் மரத்துண்டு மட்டும் வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒன்றை வலியுறுத்துங்கள்: எண்ணெய் ஊறிய வெடிப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. பெயிண்ட் கடை சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் வைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். பூச்சு எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகாமல் வெள்ளையாகவே காயும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் எபாக்ஸிப் பசை. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். மெதுவாக இறுகும் ரகத்தைப் போட்டு, கட்டி இறுக்கி 24 மணி நேரம் தொடாமல் விடச் சொல்லுங்கள்.