மூடிக்கு அடியில் ஒரு காவல்

கேள்வி: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை சில மாதங்களுக்கு ஒருமுறை பொங்கி வாசலில் நிற்கிறது. புகார் கொடுத்த பிறகே, அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்டிங் வண்டி வருகிறது. அமெரிக்க நகரங்களில் மேன்ஹோல் மூடிக்கு அடியில் கருவி பொருத்தி, பொங்குவதற்கு முன்பே அடைப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்களாமே, அது எப்படி? நமக்கும் ஒத்துவருமா?
– வாசகி ஒருவர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அக்கருவி, மீயொலி அலைகளையோ ரேடார் அலைகளையோ கீழ்நோக்கி அனுப்பி, அவை நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு கழிவுநீரின் மட்டத்தைக் கணக்கிட்டு, செல்பேசி அலைவரிசை வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். குடியிருப்புப் பகுதிகளில் இந்த மட்டம் காலையில் உயரும், நண்பகலில் தணியும், மாலையில் மறுபடி ஏறும், பின்னிரவில் மிகவும் தாழ்ந்துவிடும். யாரும் தண்ணீர் புழங்காத அந்தப் பின்னிரவிலும் மட்டம் இறங்காமல் நாளுக்கு நாள் கூடிவருமானால், எண்ணெய்ப் பிசுக்கோ மணலோ மரவேரோ சேர்ந்து குழாயின் வழி குறுகிவருகிறது என்று பொருள். ஒரு மேன்ஹோல் குழியில் மட்டம் ஏறி, கழிவுநீர் ஓடும் திசையில் அதற்கு அடுத்த குழியில் இறங்கினால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மழை தொடங்கியதுமே மட்டம் சட்டென்று எகிறினால், மொட்டைமாடித் தண்ணீரை யாரோ சாக்கடையில் இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இந்தியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரம், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2008 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பொருத்தியது. மழையில்லாத நாட்களில் கழிவுநீர் ஆற்றில் வழிவது அங்கே ஏறக்குறைய நின்றுபோனது. மழைக்கால வழிவும் காலப்போக்கில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. சென்னையிலோ இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதால், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகர அனுபவமே நமக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன். அங்கே குழாய்கள் அடிக்கடி கழுவப்பட்டுவந்த பத்து இடங்களில் கருவி வைத்துப் பார்த்தபோது, கழுவும் தேவை 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தேவை பாராமல் குறித்த இடைவெளியில் கழுவியதில் பெரும்பகுதி வீண் வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. மிச்சப்படும் வண்டியும் ஆட்களும் உண்மையிலேயே அடைத்துக்கொண்டிருக்கும் உங்கள் தெருவைப் போன்ற இடங்களுக்குப் போகலாம்.

கேள்வி: இக்கருவிகள் வந்துவிட்டால் குழிக்குள் மனிதர் இறங்குவது ஒழியுமா?
– வாசகர் ஒருவர்

பதில்: கருவி அடைப்பை எடுப்பதில்லை, முன்கூட்டியே சொல்ல மட்டுமே செய்கிறது. இருந்தாலும் அந்தக் கால அவகாசம் உயிர் காக்கக்கூடியது. தொடக்க நிலையிலுள்ள அடைப்பை மேலே நின்றபடியே ஜெட்டிங் வண்டியால் கரைத்துவிடலாம். இறுகி, தெருவெல்லாம் பெருக்கெடுத்து, மக்கள் கூடிச் சத்தமிடும் நிலை வந்த பிறகுதான், "யாரையாவது இறக்கிவிடு" என்ற கொடுமையான அவசரம் பிறக்கிறது. குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு, செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பி இறங்குபவர் மீள்வதில்லை.

பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே, சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆகவே உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் கருவி கேட்கும்போது இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: மீண்டும் மீண்டும் புகார் வரும் குழிகள் எவை என்ற பட்டியல் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால், அதைப் பார்த்து வண்டியை அனுப்பும் பொறுப்பு யாருடையது?