கொல்லையில் இளவேனில் பூக்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தை மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்செடி பற்றித்தான். சித்திரை, வைகாசியில் வீட்டில் பூ வேண்டும் என்றால் வேலை இப்போதே தொடங்க வேண்டும் என்பதால் முதலில் இவற்றுக்குப் பதில்.

கேள்வி: மூன்று வருஷத்துக் குண்டுமல்லி, இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. இலைக்குக் குறைவில்லை, பூ மட்டும் சித்திரையில்கூட விரல்விட்டு எண்ணும்படிதான். தினமும் தண்ணீர், வாரம் ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். (வாசகி, பாபநாசம்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் அதிகம், செடி அதை வாங்கி இலையாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, நீங்கள் எழுதியதில் கவாத்து, அதாவது பழைய கொம்பை வெட்டிவிடுவது, பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும், பழைய கொம்பை அப்படியே விட்டால் படர்ந்துகொண்டு போகுமே தவிர மொட்டு வைக்காது. மல்லிகை பயிரிடுகிறவர்கள் நவம்பர் கடைசி வாரம், நம் கணக்குக்குக் கார்த்திகை நடுவில், தண்ணீரை நிறுத்திவிட்டுத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுவார்கள். ஆனால் டெல்டாவில் அப்போது மழை விட்டிருக்காது, நனைந்துகொண்டே இருந்தால் வெட்டுவாய் அழுகும். அதனால் மழை ஓய்ந்து மார்கழியில் வெட்டுவது நமக்குச் சரியாக வரும். இந்த வருஷம் அது தவறிப்போயிற்று, பரவாயில்லை, இப்போதும் வெட்டலாம், பங்குனியில் வர வேண்டிய பூ சித்திரைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அரிவாளால் கொத்த வேண்டாம், கொம்பு பிளந்துவிடும். கூரான கத்தரி எடுத்து, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். பென்சில் கனத்துக்குக் குறைந்த குச்சி, காய்ந்தது, உள்ளுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இலையையும் கையால் உருவிவிடுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் மனசு சங்கடப்படும், பயப்படாதீர்கள். அப்புறம் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொத்திவிட்டு, நன்றாக மக்கின தொழு உரம் ஒரு புதருக்கு 10 கிலோ, கூடவே இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். சில வாரத்தில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும். அந்தத் தளிரில்தான் மொட்டு.

பாபநாசம் பக்கம் பெரும்பாலும் களிமண், தினமும் தண்ணீர் விட்டால் வேர் மூச்சு முட்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பங்குனி வெயிலில் அதே களிமண் வெடித்து வேரை அறுக்கும் என்பதால் இப்போதே தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பிவிடுங்கள், சம்பா அறுப்பு நடக்கிற நேரம், வைக்கோலுக்கா பஞ்சம்! நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவும் வேண்டும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்துத் தெளித்தால் தெளிந்துவிடும்.

கேள்வி: மல்லிகை மொட்டு ரோஸ் நிறமாகிக் காய்ந்து உதிர்கிறதே? (வாசகர், திருவாரூர்)

பதில்: மொட்டு ஈயின் வேலை. மொட்டின் அடியைப் பிளந்து பாருங்கள், பொடிப் புழு இருக்கும். அது மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் மருந்து தேடுவதற்கு முன் நிறம் மாறிய மொட்டுகளை விடாமல் பொறுக்கி எரித்துவிட்டு, தூரைச் சுற்றி அடிக்கடி கிளறி வெயில் காயவிடுங்கள், வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள்.

கேள்வி: மகள் ஆன்லைனில் துலிப் கிழங்கு வாங்கி அனுப்பியிருக்கிறாள். மன்னார்குடியில் வருமா?

பதில்: தரையில் நட்டால் வராது. துலிப் கிழங்குக்குச் சுமார் மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் கிடைத்தால்தான் உள்ளே இருக்கும் பூ எழும்பும். ஸ்ரீநகரில் இருக்கிற துலிப் தோட்டம் மார்ச் கடைசியில் பூத்துக் குலுங்குவது அங்கே விழுகிற பனியால். ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்து ஏமாற்றலாம்தான், ஆனால் வெளியே எடுக்கிறபோது நமக்குச் சித்திரை, தண்டு நீளாமல் பூ கருகும். மகளின் ஆசை கிழங்கில் பூக்கிற செடி என்றால் நிலச்சம்பங்கி வையுங்கள். ஆனி, ஆடியில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் பூ வரும், அடுத்தடுத்த வருஷமும் அதே தூரில் பூக்கும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல் ரகம் வீட்டுக்கு நல்லது. இந்தச் சித்திரைக்கே பூ வேண்டுமா, இப்போதே செண்டுமல்லி நாற்று விடுங்கள், தொட்டியில் டேபிள் ரோஸ் குச்சி ஊன்றுங்கள். வெயில் ஏற ஏற அது நிறைய பூக்கும்.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர். போர் தண்ணீர் உப்பு, எந்தச் செடியும் நுனி கருகிப் போகிறது. (வாசகர்)

பதில்: மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிற அணை, அதனால் இளவேனிலில் வாய்க்காலை நம்ப முடியாது, உங்களுக்கு அந்த உப்புத் தண்ணீர்தான் கதி. அதோடு மல்லுக்கட்டாமல் உப்பைத் தாங்குகிற செடியாகப் பாருங்கள்: அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. அரளியின் எல்லாப் பாகமும் விஷம், சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் அவற்றுக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம், யோசித்து இடம் பாருங்கள். மல்லிகை, ரோஜா ஆசையை விட முடியாவிட்டால் தொட்டியில் வைத்து, ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதற்கு மட்டும் விடுங்கள். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் அடித் துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேரிலேயே தங்கிவிடும்.

கேள்வி: கும்பகோணத்தில் ஓட்டு வீடு, முற்றத்தில் காலை வெயில் மூன்று மணி நேரம்தான். கதம்பம் கட்ட வீட்டிலேயே பூ வேண்டும். (வாசகி)

பதில்: கனகாம்பரம் உங்களுக்காகவே இருக்கிறது அம்மா, அரை நிழலில் நன்றாக வரும். பழுத்த கதிரில் தண்ணீர் பட்டால் விதை படபடவென்று வெடித்துச் சிதறும், அதற்கு முன் கதிரை ஒடித்துத் துணியில் முடிந்து வையுங்கள். டெல்லி கனகாம்பரம் என்றால் விதை பிடிக்காது, குச்சிதான். இலை வெளுத்துச் செடி சோர்ந்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்த மண்ணில் கொஞ்ச காலம் செண்டுமல்லி போட்டுவிட்டு அப்புறம் கனகாம்பரம் வையுங்கள். கதம்பத்துக்குப் பச்சை வேண்டுமே, வெயில் படுகிற மூலையில் ஒரு தொட்டி மரு, ஒரு தொட்டி மரிக்கொழுந்து போதும், நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும்.