சோயாவில் தேமல்: மருந்துக்கு முன் விதையைப் பாருங்கள்

கேள்வி: சோயாமொச்சை விதைத்து 40 நாள் ஆகிறது. மூன்றாவது வாரத்திலேயே வயலின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளின் இலைகள் சுருங்கி, கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறின. இலையடியில் ஒன்றிரண்டு அசுவினிகள்தான் தெரிந்தன. மருந்துக்கடையில் சொன்னபடி இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் நுண்ணூட்டக் கலவையையும் சேர்த்து இரண்டு முறை அடித்தேன். வெயில் கடுமையாக இருந்த ஒரு வாரம் குணமானதுபோல் தெரிந்தது. இப்போது பாதி வயலில் பரவிவிட்டது. பூக்கும் தருவாயில் இருக்கிறது. போன பருவத்தில் என் வயலில் எடுத்த விதைதான் இது. சிலவற்றில் பழுப்புக் கோடு ஓடியிருந்தாலும் முளைப்பு நன்றாகவே இருந்தது. இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வது சோயா தேமல்போல் தெரிகிறது; அது நச்சுயிரியால் (வைரஸால்) வரும் நோய். நச்சுயிரி புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. ‘வைரஸ் மருந்து’ என்று சொல்லி ஒரு புட்டியை எடுத்து நீட்டுபவரிடம் இனி எதையும் வாங்காதீர்கள். செடியைப் பார்க்காமல், விதை எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று பொருளை ஒரே தொட்டியில் கலக்கச் சொன்னது ஆலோசனையே ஆகாது. அது விற்பனை.

வெயிலில் குணமானதுபோல் தெரிந்ததற்கும் அந்தக் கலவைக்கும் சம்பந்தமில்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சோயா தேமலின் அறிகுறிகள் மங்கிவிடும். நச்சுயிரி உள்ளேயே இருக்கும். குளிர்ந்ததும் புதுத்தளிரில் மறுபடி தெரியும். இந்த இடைவெளியில்தான் பல மருந்துகள் நல்ல பெயர் வாங்கிக்கொள்கின்றன.

உங்கள் கடிதத்தில் கேள்வியாக எழுதாமல் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: பழுப்புக் கோடு ஓடிய விதை. விதை செடியோடு ஒட்டியிருந்த தழும்பிலிருந்து மை கசிந்ததுபோல் பழுப்போ கறுப்போ தோலில் பரவியிருந்தால், தாய்ச்செடியில் தேமல் இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். கோடுள்ள விதையெல்லாம் நோயைச் சுமக்கும் என்றோ, கோடில்லாதது சுத்தம் என்றோ சொல்ல முடியாது. அதனால் கோடுள்ளவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை விதைப்பது தீர்வாகாது. நோயுற்ற செடியின் விதைகளில் பல ரகங்களில் 5 சதவிகிதத்துக்கும் குறைவாகவே நச்சுயிரி நாற்றுக்குக் கடக்கிறது. சில ரகங்களில் 30 சதவிகிதத்தையும் தாண்டும். குறைந்த அளவே போதும். நூற்றில் இரண்டு நாற்று நோயோடு முளைத்தாலும், வயல் முழுக்க நோயின் ஊற்றுகளை நாமே விதைத்ததாக ஆகிவிடும். வரப்போரத்தில் தொடங்காமல் நடுவில் சிதறலாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, விதைவழி வந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும்.

மீதி வேலையை அசுவினி செய்கிறது. உங்கள் செடியில் குடியேறும் அசுவினி அல்ல. பறந்து போகிற வழியில் இறங்கி, ருசி பார்க்க ஒரு குத்து குத்திவிட்டு அடுத்த செடிக்குப் போகிற சிறகுள்ள அசுவினி. முப்பதுக்கும் மேற்பட்ட அசுவினி இனங்கள் இந்த நச்சுயிரியைக் கடத்துகின்றன. நோய்ச்செடியில் சில விநாடி குத்தினாலே வாயில் தொற்றிக்கொள்ளும்; அடுத்த குத்தில் இறங்கிவிடும். எந்தப் பூச்சிக்கொல்லியும் அந்த வேகத்தில் கொல்லாது. சில மருந்துகள் அசுவினியைப் பதறவைத்துச் செடிவிட்டுச் செடி தாவவும் வைக்கும். அதோடு அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் சாகும்.

மஞ்சள் தேமல் வேறு கதை. அதில் இலை அவ்வளவாகச் சுருங்காது. பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் பச்சையோடு கலந்து தெரியும். பரப்புவது வெள்ளை ஈ. அது நிமிடக்கணக்கில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால்தான் நச்சுயிரியைப் பெறும். சில மணி நேரம் உடலுக்குள் சுற்றிய பிறகே மற்றச் செடிக்குக் கொடுக்கும். அங்கே எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும், முதல் வாரங்களைக் காக்கும் விதைநேர்த்தியும் உண்மையிலேயே உதவும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ பெருகவே செய்யும். களைக்கொல்லிச் சாரல் காற்றில் வந்து பட்டாலும் சோயா இலை சுருங்கும். பக்கத்து வயலில் அப்படி எதுவும் தெளித்தார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாதி வயலில் பரவிய பிறகு செடி பிடுங்குவதில் பயனில்லை. முதல் பத்துச் செடிகள் தெரிந்த நாளில் பிடுங்கியிருந்தால் பயன் இருந்திருக்கும். பூக்கும் முன்பே தொற்றிய செடிகளில் மகசூல் குறையும். பூத்த பிறகு தொற்றுபவற்றில் சேதம் குறைவு, விதைக்குக் கடப்பதும் குறைவு. ஆகவே உரமும் நீரும் வழக்கம்போல் கொடுத்து, பயிரை அதன் போக்கில் விடுங்கள். அசுவினியே கூட்டமாகக் குடியேறிச் சாற்றை உறிஞ்சினால் மட்டும் தெளிப்பைப் பற்றி யோசிக்கலாம். சோயா அசுவினிக்கு வட அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் அளவு செடிக்குச் சராசரி 250, அதுவும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால். நீங்கள் பார்த்தது ஒன்றிரண்டு.

இந்த அறுவடையில் ஒரு படிகூட விதைக்கென்று எடுத்துவைக்காதீர்கள். அடுத்த பருவத்துக்குச் சான்று விதையாக, முடிந்தால் தேமலைத் தாங்கும் ரகமாக வாங்குங்கள். வாங்கியதையும் நம்பிவிடாமல், விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே சில நூறு விதைகளைத் தட்டில் முளைக்கவைத்து, அசுவினி நுழையாத நெருக்கமான வலையால் மூடி, வெப்பம் ஏறாத இடத்தில் வையுங்கள். மூன்று சிற்றிலை கொண்ட முதல் இலை விரியும்போது ஒவ்வொரு நாற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்போரம் கரும்பச்சை மேடிட்டு, ஓரம் கீழ்நோக்கி மடங்கிய நாற்றுகள் தென்பட்டால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.