காட்ஃபெல் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது? மடத்து நேரக்கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவி காட்ஃபெல் துப்பறியும் கதைகள் இவை. எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய 20 நாவல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். கதை 1137-இல் தொடங்கி 1145 வரை போகிறது. இரண்டாவது நாவலில் நாம் சந்தேகிக்க வேண்டிய ஒருவர் பிறகு தொடர் முழுக்க வருகிறார். பிந்தைய நாவல்களை முதலில் படித்தால் அந்தச் சந்தேகமே எழாது. அந்த இரண்டாவது நாவல் நடப்பது ஸ்டீபன் மன்னர் 1138-இல் ஷ்ரூஸ்பரி கோட்டையை முற்றுகையிட்ட காலம். அரியணைக்காக அவரும் மாட்டில்டாவும் மோதினார்கள் என்பது தெரிந்தால் போதும், அரச வம்சாவளியை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பலரும் தடுமாறுவது நேரக்கணக்கில்தான். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை 12 பங்கு; ஒரு பங்குதான் மடத்தின் ஒரு மணி. ஷ்ரூஸ்பரியில் ஜூன் மாதத்தில் அது 80 நிமிடத்துக்கு மேல், டிசம்பரில் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் மணி வழிபாடான ‘டெர்ஸ்’ என்றால் காலை 9 மணி என்று எப்போதும் கணக்கிட்டால் பிசகும். மற்ற வழிபாடுகளில் ப்ரைம் விடியலில், செக்ஸ்ட் நண்பகலில், வெஸ்பர்ஸ் மாலையில், கம்ப்ளின் உறங்கும் முன்.

துப்பறிய விரும்பினால் வழிபாட்டில் யார் இல்லை என்று பாருங்கள். வராத துறவி உடனே கண்ணில் படுவார். ஆனால் மருத்துவமனை, பண்டகசாலைப் பொறுப்பாளர்கள் வேலை நிமித்தம் விலகியிருக்கலாம். ஓட்டை அங்கேதான். கம்ப்ளினுக்குப் பின் மௌன விதியும் உண்டு. சாட்சி விடியும்வரை வாய் திறக்காததற்கு அதுவே காரணமாகலாம்.